மைக்ரோடிக் ஆர்பி5009 + சிஆர்எஸ்326: அக்கவுண்ட்ஸ், கேமரா, கெஸ்ட் வைஃபை தனித்தனி விலான். ஃபயர்வால் ரூல் எந்த வரிசையில்?

#1 தறிநெட்

திருப்பூர் பக்கம் ஒரு பின்னலாடை யூனிட்டின் ஆபீஸ் நெட்வொர்க்கைப் பிரிக்கணும்ங்க. இப்போதைக்கு எல்லாமே 192.168.1.0/24-இல் ஒரே குவியலாகக் கிடக்கிறது.

ஆர்பி5009 ரவுட்டர். ஈதர்1-இல் ஃபைபர் லைன், பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை). கீழ்த்தள ரேக்கில் சிஆர்எஸ்326 (24 போர்ட், 2 எஸ்எஃப்பி பிளஸ்). இரண்டுக்கும் நடுவே எஸ்எஃப்பி பிளஸ் டிஏசி (நேரடி காப்பர்) கேபிள். இரண்டிலும் ரவுட்டர்ஓஎஸ் 7. மொத்தம் 22 பிசி, டேலி சர்வர் ஒன்று, 16 கேமரா, என்விஆர் (கேமரா பதிவுப் பெட்டி) ஒன்று, ஆக்சஸ் பாயின்ட் 2, பிரின்டர் 3, கைரேகை மெஷின் ஒன்று. கேமராக்கள் எல்லாம் 16 போர்ட் பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் தரும்) ஸ்விட்ச் ஒன்றில் இருக்கின்றன. அது மேனேஜ்டு இல்லை, அதாவது விலான் எதுவும் அமைக்க முடியாது.

யோசித்து வைத்திருக்கும் விலான் (ஒரே ஸ்விட்சில் தனித்தனியாக ஓடும் வலை) எண்கள்: 10 அக்கவுண்ட்ஸ், 20 மற்ற ஸ்டாஃப், 30 கேமரா, 40 கெஸ்ட், 99 மேனேஜ்மென்ட்.

மூன்று விஷயம் தெரியணும். விலான்களுக்கு இடையே ரவுட்டிங் சிஆர்எஸ்-இல் இருக்கணுமா, ஆர்பி5009-இலா? பிரிட்ஜில் விலான் ஃபில்டரிங் டிக் பண்ணின நொடியே வின்பாக்ஸ் (மைக்ரோடிக்கின் கன்ஃபிக் மென்பொருள்) துண்டாகிறது, ஏன்? டெஸ்ட் கெஸ்ட் விலானுக்கு ஃபார்வர்டில் டிராப் போட்டாலும், கெஸ்ட் போனில் ரவுட்டர் லாகின் பக்கம் திறக்கிறது. அது எப்படி?


#2 ட்ரங்க்99

இரண்டாவது கேள்வியிலிருந்து வர்றேன், ஏன்னா அதுதான் எல்லாரையும் வெளியே தள்ளுவது.

உங்க ஐபி முகவரி பிரிட்ஜ்1 மேலேயே இருக்கும். பிரிட்ஜுக்கும் ஒரு பிவிஐடி (டேக், அதாவது விலான் எண், ஒட்டாமல் வரும் ஃபிரேமுக்குக் கொடுக்கும் விலான் எண்) உண்டு, டீஃபால்ட் 1. போர்ட்களின் பிவிஐடியை 10, 20 என்று மாற்றிவிட்டு ஃபில்டரிங்கை ஆன் செய்தால் உங்க லேப்டாப் விலான் 10-இல் நிற்கும், ஸ்விட்சின் ஐபி விலான் 1-இல் நிற்கும். ஃபில்டரிங் ஆஃபாக இருக்கும் வரை பிரிட்ஜ் இந்த எண்களைக் கண்டுகொள்ளாது, அதனால்தான் அதுவரை எல்லாம் சரியாக ஓடுவது போலத் தெரியும்.

சிஆர்எஸ்326-இல் இந்த வரிசையில் செய்யுங்க:

முதலில் ஈதர்24-ஐ பிரிட்ஜிலிருந்து எடுத்து அதற்கு 192.168.88.2/24 கொடுத்துத் தனியாக வையுங்க. லேப்டாப்பில் 192.168.88.10 போட்டு அந்த போர்ட் வழியாகவே வேலை பாருங்க. பிரிட்ஜில் என்ன தப்பு நடந்தாலும் இந்தக் கதவு திறந்தே இருக்கும்.

அடுத்து பிரிட்ஜ் → போர்ட்ஸ். ஈதர்1 முதல் 8 வரை பிவிஐடி 10, ஈதர்9 முதல் 18 வரை 20, ஈதர்19-இல் என்விஆர், ஈதர்20-இல் பிஓஇ ஸ்விட்ச், இரண்டுக்கும் 30. ஈதர்21, 22 ஆக்சஸ் பாயின்ட்டுகளுக்கு, பிவிஐடி 99. எஸ்எஃப்பி பிளஸ்1 ட்ரங்க் (எல்லா விலானையும் டேக்கோடு சுமக்கும் போர்ட்). பிசி, கேமரா போர்ட்களில் ஃபிரேம் டைப்ஸை 'அட்மிட் ஒன்லி அன்டேக்டு அண்ட் பிரையாரிட்டி டேக்டு' என்றும், ட்ரங்க்கில் 'அட்மிட் ஒன்லி விலான் டேக்டு' என்றும் வையுங்க. ஏபி போர்ட்களில் 'அட்மிட் ஆல்', ஏன்னா அங்கே இரண்டு வகையும் வரும். இன்கிரஸ் ஃபில்டரிங் எல்லாவற்றிலும் ஆன்.

பிறகு பிரிட்ஜ் → விலான்ஸ். 10-க்கு டேக்டு எஸ்எஃப்பி பிளஸ்1, அன்டேக்டு ஈதர்1 முதல் 8. இதே மாதிரி 20, 30. 20-க்கும் 40-க்கும் டேக்டு பட்டியலில் ஈதர்21, 22-ஐயும் சேர்க்கணும். 99-க்கு டேக்டு எஸ்எஃப்பி பிளஸ்1, அதோடு பிரிட்ஜ்1, அன்டேக்டு ஈதர்21, 22.

ஒவ்வொரு விலானுக்கும் தனி வரி. '10,20' என்று ஒரே வரியில் போட்டு அன்டேக்டு போர்ட்களையும் அதிலேயே சேர்த்தால், இரண்டு விலானின் ஃபிரேமும் டேக் இல்லாமல் அந்த போர்ட்டில் கொட்டும். ட்ரங்க் மட்டும் உள்ள வரியில் சேர்த்துப் போடலாம், பிசி போர்ட் உள்ள வரியில் கூடாது.

கடைசியாக இன்டர்ஃபேசஸில் பிரிட்ஜ்1 மேல் விலான்99 உருவாக்கி, 192.168.99.2/24, டீஃபால்ட் ரூட் 192.168.99.1. இத்தனையும் முடித்த பிறகு சேஃப் மோட் (தொடர்பு அறுந்தால் மாற்றங்களைத் தானே திரும்பப் பெறும் வசதி) அழுத்தி, ஃபில்டரிங்கை ஆன் செய்யுங்க. கன்ஃபிக் மொத்தத்தையும் சேஃப் மோடுக்குள் செய்யாதீங்க. அது கடைசி 100 செயல்களைத்தான் நினைவில் வைத்திருக்கும், அதைத் தாண்டினால் பின்வாங்க வழியில்லை. தொடர்பு அறுந்தால் உடனே பழைய நிலைக்கு வரும் என்றும் எதிர்பார்க்காதீங்க. டிசிபி டைம்அவுட் ஆக 9 நிமிடம் வரை பிடிக்கும். அந்த நேரத்தில் பதறிப்போய் பவரைப் பிடுங்க வேண்டாம்.


#3 தறிநெட்

99-க்கு மட்டும் பிரிட்ஜ்1-ஐயே டேக்டில் சேர்த்திருக்கீங்க, மற்றவற்றுக்கு இல்லை. காரணம்?


#4 ட்ரங்க்99

அந்தப் பட்டியலில் 'பிரிட்ஜ்1' என்றால் ஸ்விட்சின் சிபியு பக்கம் போகும் போர்ட் என்று எடுத்துக்கோங்க. சிபியு எந்த விலானில் பேசணுமோ அதில் மட்டும் பிரிட்ஜ் டேக்டாக இருந்தால் போதும். ஸ்விட்சுக்கு மேனேஜ்மென்ட் மட்டும்தானே வேலை, அதனால் 99 மட்டும். அதையும் சேர்க்க மறந்தால் விலான்99 இன்டர்ஃபேஸ் ரன்னிங் என்றே காட்டும், ஐபியும் இருக்கும், ஆனால் ஒரு பிங் கூட வராது.

ஆர்பி5009 பக்கம் நிலைமை வேறு. எல்லா விலானுக்கும் கேட்வே அதுதான். அங்கே ஐந்து எண்ணுக்கும் டேக்டு பட்டியலில் பிரிட்ஜும் எஸ்எஃப்பி பிளஸ்1-உம் இருக்கணும். பிரிட்ஜ் மேல் விலான்10, 20, 30, 40, 99 இன்டர்ஃபேஸ்கள், ஒவ்வொன்றுக்கும் 192.168.(எண்).1/24, தனித்தனி டிஎச்சிபி சர்வர். டிஎச்சிபி சர்வரை பிரிட்ஜ் மேல் வைக்காதீங்க, விலான் இன்டர்ஃபேஸ் மேல் வையுங்க. பிரிட்ஜின் உறுப்பு போர்ட்டான எஸ்எஃப்பி பிளஸ்1 மேல் நேராக விலான் இன்டர்ஃபேஸ் உருவாக்குவதும் தவறு. பாதி வேலை செய்யும், பாதி செய்யாது, காரணம் தேடி ஒரு நாள் போகும்.


#5 பாக்கெட்பார்வை

மூன்றாவது கேள்விக்குப் பதில். ஃபார்வர்ட் செயின் என்பது ரவுட்டரைக் கடந்து போகும் பாக்கெட்டுக்கு. ரவுட்டரையே முகவரியாகக் கொண்டு வரும் பாக்கெட் இன்புட் செயினுக்குப் போகும். கெஸ்ட் போன் 192.168.40.1-ஐத் திறந்தாலும், அக்கவுண்ட்ஸ் பக்கத்து 192.168.10.1-ஐத் திறந்தாலும், இரண்டுமே ரவுட்டரின் சொந்த முகவரிதான். ஃபார்வர்டில் எத்தனை டிராப் வைத்தாலும் அது தொடாது.

முதலில் இன்டர்ஃபேஸ் லிஸ்ட் போடுங்க. வேன் (இன்டர்நெட் பக்கம்) = பிபிபிஓஇ-அவுட்1. இங்கே ஈதர்1-ஐ மட்டும் போட்டுவிட்டுப் போவது வழக்கமான பிழை. பிபிபிஓஇ லைனில் இன்டர்நெட் பாக்கெட் வருவது பிபிபிஓஇ இன்டர்ஃபேஸ் வழியாக. ஈதர்1 என்று எழுதின ரூலின் கவுன்ட்டர் பூஜ்யத்திலேயே நிற்கும். மாஸ்குரேடும் (உள் ஐபிகளை வெளி ஐபியாக மாற்றும் ரூல்) அதே கதி. அடுத்து, மேனேஜ்மென்ட் = விலான்99. இன்டர்நெட் உள்ளவை = 10, 20, 40. உள்வலை = ஐந்தும்.

இன்புட்:
1. எஸ்டாப்ளிஷ்டு, ரிலேட்டட், அன்ட்ராக்டு: அக்செப்ட்
2. இன்வாலிட்: டிராப்
3. ஐசிஎம்பி: அக்செப்ட்
4. இன் லிஸ்ட் மேனேஜ்மென்ட்: அக்செப்ட்
5. இன்டர்நெட் உள்ளவை, யூடிபி 53, டிசிபி 53: அக்செப்ட் (இரண்டு ரூல்)
6. உள்வலை, யூடிபி 67: அக்செப்ட்
7. விலான்30, யூடிபி 123: அக்செப்ட்
8. மீதி எல்லாம்: டிராப்

ஃபார்வர்ட்:
1. ஃபாஸ்ட்ட்ராக் (நடக்கும் இணைப்பின் பாக்கெட்டுகளைக் குறுக்குவழியில் கடத்துவது), எஸ்டாப்ளிஷ்டு, ரிலேட்டட்
2. எஸ்டாப்ளிஷ்டு, ரிலேட்டட், அன்ட்ராக்டு: அக்செப்ட்
3. இன்வாலிட்: டிராப்
4. மேனேஜ்மென்ட்டிலிருந்து எங்கேயும்: அக்செப்ட்
5. 'கேமரா-பார்ப்பவர்' அட்ரஸ் லிஸ்ட்டிலிருந்து என்விஆர் 192.168.30.10-க்கு, தேவையான டிசிபி போர்ட்கள்: அக்செப்ட்
6. 192.168.30.10-இலிருந்து வேன்: அக்செப்ட் (மொபைல் ஆப்புக்கு வேண்டுமென்றால் மட்டும்)
7. இன்டர்நெட் உள்ளவையிலிருந்து வேன்: அக்செப்ட்
8. மீதி எல்லாம்: டிராப்

'கெஸ்ட்டிலிருந்து அக்கவுண்ட்ஸுக்கு டிராப்', 'கெஸ்ட்டிலிருந்து கேமராவுக்கு டிராப்' என்று ஒவ்வொரு ஜோடிக்கும் எழுத ஆரம்பித்தால் ஐந்து விலானுக்கு 20 ரூல் ஆகும். ஆறாவது விலான் சேர்க்கும் நாளில் அதற்கான பத்து ரூலை எழுத மறந்தால் அது எல்லா இடத்துக்கும் போகும். கடைசியில் ஒரே டிராப் இருந்தால், புது விலான் எதற்கும் போகாமல் நிற்கும். யாராவது போன் பண்ணிச் சொல்வார்கள், திறந்துவிடலாம்.

இன்புட்டின் 8-ஐ எழுதுவதற்கு முன் 4 இருக்கிறதா, அதன் கவுன்ட்டர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளவும். அந்த டிராப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. டிஎன்எஸ் பக்கத்தில் 'அலவ் ரிமோட் ரிக்வெஸ்ட்ஸ்' ஆன் செய்த ரவுட்டர், வேன் பக்கம் 53-ஐ மூடாமல் இருந்தால், ஊரில் உள்ளவர்கள் எல்லாம் டிஎன்எஸ் ஆம்ப்ளிஃபிகேஷன் தாக்குதலுக்கு அதைப் பயன்படுத்துவார்கள்.


#6 ரேக்வாசி

ஆர்பி5009-இல் ரவுட்டிங் செய்தால் அக்கவுண்ட்ஸ்–ஸ்டாஃப் ட்ராஃபிக் எல்லாம் ஒரே எஸ்எஃப்பி கேபிளில் மேலே போய்க் கீழே வரும். சிஆர்எஸ்326-இலேயே எல்3 ஹார்ட்வேர் ஆஃப்லோடிங் (ரவுட்டிங்கை ஸ்விட்ச் சிப்பே செய்வது) இருக்கிறதே. அதிலேயே விலான் கேட்வே வைத்தால் வயர் ஸ்பீடில் ஓடும். ரவுட்டருக்கு ஏன் சுமை?


#7 பாக்கெட்பார்வை

ரேக்வாசி, வேகம் பற்றி நீங்க சொல்வது சரி. ஆனால் இவர் கேட்பது பிரிப்பதற்கு. ஹார்ட்வேரில் ரவுட் ஆகும் பாக்கெட் சிபியுவுக்கு வரவே வராது, அதனால் ஐபி ஃபயர்வாலும் அதைப் பார்க்காது. மேலே எழுதின ஃபார்வர்ட் ரூல்கள் திரையில் இருக்கும், கவுன்ட்டர் நகராது, கேமரா விலானிலிருந்து டேலி சர்வருக்கு வழி திறந்தே இருக்கும்.

ஸ்விட்ச் சிப்பின் ஏசிஎல் (அனுமதி, தடை பட்டியல்) போடலாமே என்று கேட்கலாம். அது ஸ்டேட்லெஸ். எந்தப் பக்கம் பேச்சைத் தொடங்கியது என்று அதற்குத் தெரியாது. பிசி என்விஆரின் 8000-க்குப் போக அனுமதித்தால், பதில் திரும்புவதற்காக 'சோர்ஸ் போர்ட் 8000, என்விஆரிலிருந்து பிசிக்கு' என்று இன்னொரு வழியையும் திறக்கணும். என்விஆருக்குள் யாராவது புகுந்தால், சோர்ஸ் போர்ட்டை 8000 என்று வைத்துக்கொண்டு பிசியின் எந்த போர்ட்டையும் தட்டலாம்.

ஆஃப்லோடு இல்லாமல் சிஆர்எஸ்-இன் சிபியுவில் ரவுட்டிங் ஓட்டுவதும் நல்லதில்லை. அது 800 மெகாஹெர்ட்ஸ் ஒற்றைக் கோர். ஆர்பி5009-இல் இருப்பது 1.4 கிகாஹெர்ட்ஸ் நான்கு கோர். இரண்டுக்கும் நடுவே 10 கிகாபிட் டிஏசி கேபிள். 22 பிசி உள்ள இடத்தில் அது நிரம்பாது.


#8 ரேக்வாசி

ஏசிஎல் பதில் வழி பற்றிய காரணம் புரிகிறது. ஃபயர்வால் தேவைப்படாத இரண்டு சர்வர் விலான்களுக்கு நடுவே மட்டும் எல்3 ஆஃப்லோடு வைக்கிற மாதிரி இருந்தால் நான் சொன்னது பொருந்தும். இந்த ஆபீசுக்கு ரவுட்டரிலேயே வைப்பதுதான் சரி.


#9 கேமராக்கண்

கேமரா பக்கம் சில விஷயம்.

என்விஆரின் பின்னாலேயே பிஓஇ போர்ட் இருந்து, கேமராவை அதில் நேராகச் செருகியிருந்தால், அந்தக் கேமராக்கள் ஏற்கெனவே தனி வலையில்தான் இருக்கின்றன. ஹைக்விஷன் பிஓஇ என்விஆர்களில் உள்பக்கம் 192.168.254 வரிசையில் ஓடும். அப்போது என்விஆரின் ஒரு லேன் போர்ட் மட்டும் விலான் 30-க்குப் போதும். உங்க அமைப்பில் வெளியே தனி பிஓஇ ஸ்விட்ச் என்பதால், 16 கேமராவும் 30-க்குள் வருது. அந்த ஸ்விட்ச் மேனேஜ்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதில் வேறு எதையும் செருகாத வரைக்கும். பக்கத்து மேஜை பிசிக்கு போர்ட் பற்றவில்லை என்று யாரோ ஒருத்தர் அதில் கேபிள் போடுவார், அந்த பிசிக்குக் கேமரா விலான் ஐபி வரும். காலியாக இருக்கிற போர்ட்டை அடைத்து வையுங்க.

கேமராவுக்குப் புது ஐபி போடும்போது கேட்வே 192.168.30.1 என்று நிரப்பணும். ஒரே சப்நெட்டில் இருந்தவரை கேட்வே காலியாக இருந்தாலும், 192.168.1.1 என்று பழையதாக இருந்தாலும் என்விஆர் படம் எடுக்கும். விலான் பிரித்த பிறகு மேனேஜ்மென்ட் பிசியிலிருந்து கேமராவைத் திறந்தால் கேள்வி போய்ச் சேரும், பதில் திரும்ப வழி தெரியாது. எல்லாரும் ஃபயர்வாலைத் திட்டுவார்கள். டார்ச்சில் (ரவுட்டரில் ட்ராஃபிக்கை நேரடியாகக் காட்டும் கருவி) பார்த்தால் விலான்30-க்குள் பாக்கெட் போவது தெரியும், திரும்பி ஒன்றும் வராது. அப்படி இருந்தால் கேட்வேயைப் பாருங்க.

போர்ட்கள்: ஹைக்விஷன் என்றால் டிசிபி 8000, ஆர்டிஎஸ்பி 554, வெப் 80. தஹுவா என்றால் 8000-க்குப் பதிலாக 37777. பார்ப்பவருக்கு என்விஆர் மட்டும் போதும், கேமராக்களுக்கு நேராக வழி வேண்டாம்.

ஆன்விஃப் (கேமராக்களுக்கான பொது நெறிமுறை) தேடல் விலானைத் தாண்டாது. அது 239.255.255.250, யூடிபி 3702-இல் போகும் மல்டிகாஸ்ட். பிசி மென்பொருளில் 'கேமரா கிடைக்கவில்லை' என்று வந்தால் ஐபியைக் கையால் கொடுங்க.

நேரம்: கேமராக்களுக்கு இன்டர்நெட் இல்லை, அதனால் என்டிபி ரவுட்டரிலிருந்து வரணும். ஆர்பி5009-இல் என்டிபி சர்வரை ஆன் செய்து, கேமராவில் 192.168.30.1 போடுங்க. மேலே இன்புட் 7-ஆவது ரூல் அதற்குத்தான். நேரம் தவறிய பதிவு போலீஸ் கேட்கும்போது பயன்படாது.

இன்னொன்று, விலானோடு சம்பந்தமில்லை, ஆனால் விலான் மாற்றின வாரத்தில்தான் கண்ணில் படும். இரவு ஆனதும் சில கேமரா அணைந்து அணைந்து வந்தால், ஐஆர் விளக்கு எரியும்போது பிஓஇ பட்ஜெட் போதவில்லை என்று அர்த்தம். 802.3ஏஎஃப்-இல் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், 16 போர்ட்டும் முழுதாக இழுத்தால் 246 வாட். ஸ்விட்சின் லேபிளில் மொத்த வாட் எவ்வளவு என்று பாருங்க.


#10 காவிரிக்கரை

டேலி சர்வரை அக்கவுண்ட்ஸ் பிசிக்களோடு விலான் 10-இலேயே வையுங்கள். 'சர்வர் விலான்' என்று தனியாக ஒன்று வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் டேலி டேட்டா ஃபோல்டர் ஷேர் மூலம் ஓடும்போது ஒவ்வொரு வவுச்சருக்கும் டிசிபி 445 ரவுட்டர் வழியாக ஏறி இறங்கும். அதைப் பயன்படுத்துவோர் எல்லாம் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் என்றால் அவர்களுக்கு நடுவே சுவர் வைத்துப் பயன் இல்லை. ஸ்டாஃப் விலானிலிருந்து யாராவது ஒருவருக்கு டேலி வேண்டுமென்றால் அவர் பிசிக்கு நிலையான ஐபி கொடுத்து, அந்த ஒரு ஐபிக்கு மட்டும் 445, 9000, லைசென்ஸுக்கு 9999 திறக்கவும்.

கைரேகை மெஷினை எந்த விலானில் வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. இந்த மெஷின்கள் பெரும்பாலும் 4370-ஆம் போர்ட்டில் பேசும். அப்டேட் கிடைப்பது அரிது, பாஸ்வேர்டும் யாரும் மாற்றுவதில்லை. அதைக் கேமராவோடு 30-இல் வைத்து, அட்டெண்டன்ஸ் மென்பொருள் இருக்கும் பிசியிலிருந்து அந்த மெஷினின் ஐபிக்கு 4370 மட்டும் திறங்கள். டிசிபி, யூடிபி இரண்டும்.

பிரின்டர்களுக்கு நிலையான ஐபி, டிசிபி 9100. தானாகக் கண்டுபிடிக்கும் வசதி எம்டிஎன்எஸ், அது 224.0.0.251, யூடிபி 5353. விலானைத் தாண்டாது. ரவுட்டர்ஓஎஸ் 7.16 முதல் டிஎன்எஸ் பகுதியில் எம்டிஎன்எஸ் ரிப்பீட் வசதி வந்திருக்கிறது. ஆனால் மூன்று பிரின்டருக்கு அது தேவையில்லை, ஐபி கொடுத்துச் சேர்த்துவிடலாம்.

மிக முக்கியமாக ஒன்று. விண்டோஸ் பிசிக்களுக்கு விலான் தாண்டிப் பிங் போகவில்லை என்றால் உடனே ரவுட்டரை நோண்டாதீர்கள். பிரைவேட் ப்ரொஃபைலில் விண்டோஸ் ஃபயர்வாலின் ஃபைல் ஷேரிங், பிங் ரூல்களின் ஸ்கோப் 'லோக்கல் சப்நெட்' என்று இருக்கும். ஒரே சப்நெட்டில் இருந்தவரை வேலை செய்தது, இப்போது கேட்பவர் வேறு சப்நெட், அதனால் பிசியே மறுக்கிறது. ஸ்கோப்பில் அந்த ஒரு ஐபியைச் சேர்த்தால் போதும். ஃபயர்வாலை மொத்தமாக அணைப்பது வேண்டாம்.


#11 தறிநெட்

ஈதர்24 கதவை வைத்துவிட்டு ட்ரங்க்99 சொன்ன வரிசையில் செய்தாச்சு. ஃபில்டரிங் ஆன், வின்பாக்ஸ் 99-இல் நிற்கிறது. ஐந்து விலானுக்கும் ஐபி வருது.

இரண்டு சந்தேகம். ஸ்டாஃப் பிசி ஒன்றில் என்விஆர் லைவ் ஓடிக்கொண்டிருந்தது. அந்த பிசியைக் 'கேமரா-பார்ப்பவர்' லிஸ்ட்டிலிருந்து எடுத்த பிறகும் படம் ஓடுது. அடுத்தது, கெஸ்ட்டுக்கு சிம்பிள் கியூவில் (வேக வரம்பு) 20 எம்பிபிஎஸ் வைத்தால் அது பிடிப்பதே இல்லை, 90-க்கு மேல் போகுது.


#12 பாக்கெட்பார்வை

இரண்டுக்கும் காரணம் ஃபார்வர்டின் முதல் இரண்டு ரூல்தான்.

லைவ் ஓடும் இணைப்பு ஏற்கெனவே எஸ்டாப்ளிஷ்டு. 5-ஆவது ரூலை அது இனிமேல் தொடவே தொடாது, மேலேயே அக்செப்ட் ஆகிவிடும். ஐபி → ஃபயர்வால் → கனெக்ஷன்ஸில் அந்த பிசியின் ஐபியைத் தேடி அந்த வரிகளை அழியுங்க. படம் உடனே நிற்கும், மறுபடி இணைக்க முயன்றால் டிராப் ஆகும். எந்த அனுமதியைப் பிடுங்கினாலும் இதையும் சேர்த்துச் செய்யணும். இல்லாவிட்டால் ரூல் சரியா தவறா என்று சோதிப்பதே பொய்யாகும்.

கியூ: ஃபாஸ்ட்ட்ராக் ஆன பாக்கெட் சிம்பிள் கியூவைத் தாண்டிப் போய்விடும். ஃபாஸ்ட்ட்ராக் ரூலில் இன் இன்டர்ஃபேஸ் 'விலான்40 அல்ல', அவுட் இன்டர்ஃபேஸ் 'விலான்40 அல்ல' என்று இரண்டையும் சேர்த்துப் போடுங்க. இன் மட்டும் போட்டால் அப்லோட் பாக்கெட் தப்பும், ஆனால் டவுன்லோட் பாக்கெட் வேன் பக்கமிருந்து வந்து ரூலில் மாட்டி, அந்த இணைப்பு முழுவதையும் ஃபாஸ்ட்ட்ராக் ஆக்கிவிடும். மாற்றிய பிறகு கெஸ்ட் இணைப்புகளை ஒரு தடவை அழிக்கவும்.


#13 தறிநெட்

கியூ பிடிச்சிருச்சு, 19.6-இல் நிற்குது. லைவும் நின்னுருச்சு. நன்றிங்க.

ஆக்சஸ் பாயின்ட்டில் கெஸ்ட் எஸ்எஸ்ஐடிக்கு விலான் 40 போட்டிருக்கு. ஒரு கெஸ்ட் போனிலிருந்து இன்னொரு கெஸ்ட் போனுக்குப் பிங் போகுது. இதற்கு எந்த ரூல்?


#14 ட்ரங்க்99

ரூல் இல்லை. ஒரே விலானுக்குள் இருக்கும் இரண்டு கருவிகள் பேசும்போது பாக்கெட் ரவுட்டருக்கே வராது. ஒரே ஏபிக்குள் என்றால் ஸ்விட்சுக்குக்கூட வராது. ஏபியில் கெஸ்ட் எஸ்எஸ்ஐடிக்கு கிளையன்ட் ஐசொலேஷன் ஆன் செய்யுங்க. இரண்டு ஏபிக்கு நடுவே தடுக்கணும் என்றால் ஸ்விட்சில் ஈதர்21, 22-க்குப் போர்ட் ஐசொலேஷன் வைத்து, இரண்டும் எஸ்எஃப்பி பிளஸ்1-ஐ மட்டும் பார்க்கும்படி செய்யணும். ஆனால் அது போர்ட் முழுவதுக்கும் பொருந்தும், ஸ்டாஃப் எஸ்எஸ்ஐடிக்கும் சேர்த்து. பிரிட்ஜில் 'யூஸ் ஐபி ஃபயர்வால்' என்ற டிக்கைச் சிலர் இதற்குப் பரிந்துரைப்பார்கள். தொடாதீங்க, சிபியுவில் சுமை ஏறும், ஹார்ட்வேரில் போகும் ஃபிரேமை அது பார்க்கவும் பார்க்காது.

ஏபிக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே சின்ன 5 போர்ட் ஸ்விட்ச் எதுவும் இருக்கக் கூடாது. டேக் சேர்ந்தால் ஃபிரேம் 4 பைட் நீளும், 1518 என்பது 1522 ஆகும். பெரும்பாலான மலிவு ஸ்விட்சுகள் அதை அப்படியே கடத்தும், சில கடத்தாது. கடத்தாதது மாட்டினால் டிஎச்சிபி வரும், பிங் போகும், பெரிய பக்கம் மட்டும் திறக்காமல் நிற்கும்.


#15 ரேக்வாசி

ஐபிவி6 பற்றி யாரும் பேசவில்லை. ரவுட்டர்ஓஎஸ்-இல் ஐபிவி6 ஃபயர்வால் தனி மெனு. ஐபி ஃபயர்வாலில் எழுதின ஒரு வரிகூட அங்கே செல்லாது. டீஃபால்ட் கன்ஃபிக் இல்லாமல் ரீசெட் செய்த ரவுட்டரில் அது வெறுமையாக இருக்கும். லைன்காரர் ப்ரிஃபிக்ஸ் கொடுத்து அதை விலான்களுக்குப் பிரித்துவிட்டால், கெஸ்ட்டிலிருந்து அக்கவுண்ட்ஸுக்கு வி6-இல் தடையே இல்லை. ப்ரிஃபிக்ஸ் கொடுக்காவிட்டாலும், இன்டர்ஃபேஸில் லிங்க்-லோக்கல் முகவரி இருந்தால் கெஸ்ட் போன் ரவுட்டரின் இன்புட்டைத் தட்டலாம்.

அதே லிஸ்ட்டுகளை வைத்து அங்கேயும் இன்புட், ஃபார்வர்ட் எழுதுங்கள். ஒரு வித்தியாசம்: ஐசிஎம்பிவி6-ஐ அடைக்கக் கூடாது, பக்கத்துக் கருவியைக் கண்டுபிடிப்பதே அதில்தான். வி6 வேண்டாம் என்றால் ஐபிவி6 → செட்டிங்ஸில் டிசேபிள் செய்துவிடலாம்.


#16 காவிரிக்கரை

மேனேஜ்மென்ட்டை 99-க்குள் அடைத்ததோடு முடியவில்லை. வின்பாக்ஸ் மேக் முகவரி வழியாகவும் இணையும், அது லேயர் 2, ஐபி ஃபயர்வால் அதைப் பார்க்காது. டூல்ஸ் → மேக் சர்வரில் மேக் டெல்நெட், மேக் வின்பாக்ஸ் இரண்டுக்கும் 'மேனேஜ்மென்ட்' லிஸ்ட்டை மட்டும் வையுங்கள். ஐபி → நெய்பர்ஸ் டிஸ்கவரியும் அதே லிஸ்ட். ஸ்விட்சிலும் இதே வேலை உண்டு, மறக்க வேண்டாம். ஐபி → சர்வீசஸில் டெல்நெட், எஃப்டிபி, ஏபிஐ ஆகியவற்றை அணைத்து, வின்பாக்ஸ் 8291-க்கு 192.168.99.0/24 மட்டும்.

இதை வெறும் ஒழுங்குக்காகச் சொல்லவில்லை. 2018-இல் வெளிவந்த சிவிஇ-2018-14847, வின்பாக்ஸ் போர்ட் வழியாக லாகின் இல்லாமலேயே ரவுட்டரின் கோப்புகளை, யூசர் பாஸ்வேர்டு உள்ள கோப்பு உட்பட, எடுக்க விட்டது. 8291 வெளியே திறந்திருந்த ரவுட்டர்கள் பெருவாரியாகச் சிக்கின. 6.42.1 பதிப்பில் அது அடைக்கப்பட்டது. அன்று மேனேஜ்மென்ட்டைத் தனி விலானில் வைத்திருந்தவர்களுக்கு அப்டேட் போட அவகாசம் இருந்தது.

லாக் பற்றியும் ஒன்று. 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் (இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) வெளியிட்ட உத்தரவில், நிறுவனங்கள் தங்கள் லாகை 180 நாள் வைத்திருக்கணும், கடிகாரத்தை என்ஐசி அல்லது என்பிஎல் என்டிபி சர்வரோடு பொருத்தணும் என்று இருக்கிறது. ரவுட்டரின் மெமரி லாக் டீஃபால்ட்டாக 1000 வரிதான், ஒரு மதியத்தில் நிரம்பிவிடும். சிஸ்டம் → லாகிங்கில் ரிமோட் ஆக்ஷன் வைத்து, யூடிபி 514-இல் ஒரு சிஸ்லாக் சர்வருக்கு அனுப்புங்கள். ஃபார்வர்டின் கடைசி டிராப்பில் லாக் டிக் செய்து, முன்னொட்டாக 'எஃப்டபிள்யூ-டிராப்' என்று கொடுத்தால் தேட எளிது. அதற்கு மேலே, கெஸ்ட்டுக்கு மட்டும் லாக் இல்லாத டிராப் ஒன்று வைத்துவிடுங்கள். போன்கள் சும்மாவே பத்து இடத்தைத் தட்டிக்கொண்டிருக்கும், அந்த இரைச்சலில் வேண்டியது தெரியாது.


#17 பாக்கெட்பார்வை

முடித்ததும் சோதிக்கும் விதம். ஒரு லேப்டாப்பை ஒவ்வொரு விலான் போர்ட்டிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்க. ரவுட்டருக்குள்ளிருந்து பிங் அடிப்பது சோதனை ஆகாது, அது அவுட்புட் செயின், ஃபார்வர்ட் ரூல் எதுவும் அதில் படாது.

விலான் 30 போர்ட்டில்: இன்டர்நெட் வரக் கூடாது, 192.168.10-இல் எதுவும் திறக்கக் கூடாது, 192.168.30.1-இல் பிங், டிஎச்சிபி, என்டிபி மட்டும் பதில் தரணும். கெஸ்ட்டில்: இணையம் வரணும், ஐந்து கேட்வே முகவரியிலும் லாகின் பக்கம் வரக் கூடாது. அனுமதிக்கப்பட்ட அக்கவுண்ட்ஸ் பிசியில்: பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளையை 192.168.30.10, போர்ட் 8000 என்று கொடுத்தால் ட்ரூ, அதே பிசியிலிருந்து 192.168.30.11 என்ற கேமராவுக்கு ஃபால்ஸ்.

ஒவ்வொரு சோதனைக்கும் முன் கவுன்ட்டரை ரீசெட் செய்து, எந்த ரூலின் எண் ஏறுகிறது என்று பாருங்க. எதிர்பார்த்த ரூலில் ஏறாமல் வேறொன்றில் ஏறினால், முடிவு சரியாக வந்திருந்தாலும் வரிசை தவறு.

போர்ட் தவறான விலானில் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், ஸ்விட்சில் பிரிட்ஜ் → ஹோஸ்ட்ஸில் அந்த மேக் முகவரியைத் தேடுங்க. எந்த போர்ட், எந்த விஐடி என்று அதே வரியில் நிற்கும்.


#18 தறிநெட்

அப்படியே சோதித்தாச்சு. விலான் 30-இல் ஒன்று மட்டும் உதைத்தது: ஈதர்20-க்குப் பின்னால் இருக்கும் பிஓஇ ஸ்விட்சில் ஒரு கேமராவின் மேக் முகவரி ஹோஸ்ட்ஸில் வரவே இல்லை. கேபிள் முனை கழன்றிருந்தது, புது கனெக்டர் அடித்ததும் வந்துவிட்டது. என்விஆரில் 16-உம் ஓடுது. இரண்டு பெட்டியின் எக்ஸ்போர்ட்டும் எடுத்து விலான் 99 பிசியில் வைத்தாச்சு, போர்ட்–விலான் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டியாச்சு. கிளையன்ட் ஐசொலேஷன் இரண்டு ஏபியிலும் ஆன். ஐபிவி6-ஐ இப்போதைக்கு டிசேபிள் பண்ணியிருக்கு, லைன்காரரிடம் ப்ரிஃபிக்ஸ் கேட்டு வாங்கின பிறகு ரூலோடு சேர்த்துத் திறக்கலாம்னு இருக்கேன்.